ஓடைப்பட்டியில் முக்கால் மணி நேரம்

நாசரேத்,
21-11-1977

மாநாட்டு உல்லாசப் பயணக் குழுச் செயலாளர் திரு. ஞானசிகாமணி அவர்களுக்கு,

டிசம்பர் 28 முதல் 30 வரை தேனியில் நடக்கவிருக்கும் தென் மாவட்ட ஆரம்பப் பள்ளி ஆசிரியர் மாநாட்டின் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. கடைசி நாள் உல்லாசப் பயணத்துக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஊர் சுற்றிப் பார்ப்பதில் நாட்டம் கிடையாது. இருபத்தெட்டு வருட வேலையில் இப்படி ஒன்றுக்குப் பெயர் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

நிகழ்ச்சி நிரலில் "பிற்பகல் 3.30, ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டம்" என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே பஸ் எவ்வளவு நேரம் நிற்கும்? அந்த நேரத்தில் ஒரு பிரதிநிதி தனியாக ஊருக்குள் போய்த் திரும்ப அனுமதி உண்டா? சொந்தக் காரியம். என்ன காரியம் என்று கேட்க வேண்டாம்.

சுற்றறிக்கையில் மூன்று எழுத்துப்பிழைகள் இருக்கின்றன. சிவப்பு மையில் குறித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர்கள் வெளியிடும் காகிதத்துக்கு இது அழகில்லை.

இப்படிக்கு,
ஜே. ஜெபராணி,
தலைமையாசிரியை


தேனி,
28-11-1977

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் சிவப்பு மையும் கிடைத்தன. மூன்று பிழைகளில் இரண்டு அச்சகத்தாருடையவை. மூன்றாவது என்னுடையதுதான். நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் எனக்கு இது தேவைதான் என்று என் மனைவி கஸ்தூரியம்மாள் சிரித்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்குத் தேனியில் புறப்பாடு. சுருளியில் குளியல். டிசம்பரில் அருவி நன்றாக விழும். தண்ணீரையே பார்க்காத கரிசல்காட்டுப் பிரதிநிதிகள் சிலர் வருகிறார்கள், அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடாக இருக்கும். பிறகு பொட்டலச் சோறு. மூன்றரைக்கு ஓடைப்பட்டி, சின்னச்சாமி என்பவரின் திராட்சைத் தோட்டம், முக்கால் மணி நேரம். வீரபாண்டி ஆற்றங்கரையில் வடையும் தேநீரும். ஆறரைக்கு வைகை அணை. அன்று பூங்காவில் வண்ண விளக்குப் போட அணையின் அதிகாரிகளிடம் தனியாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏழரைக்கு அணைத்துவிடுவார்கள். ஆகவே எங்கும் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்க வழியில்லை.

யாரும் தனியாகப் போகக் கூடாது என்பதே எங்கள் விதி. போன வருஷம் வேறோர் ஊர் மாநாட்டில் இரண்டு பிரதிநிதிகள் சேலை பார்க்கக் கடைத்தெருவுக்குள் போய், ஒரு பஸ்ஸே நாலு மணி நேரம் வெயிலில் நின்றது. அதனால் இந்த முறை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு பேருக்கும் எண் கொடுத்திருக்கிறேன். பஸ் எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைக் கூப்பிடுவேன். பிள்ளைகள் நம்மிடம் சொல்வதுபோலவே எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். தங்கள் எண் முப்பத்தேழு.

காரணம் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் விதியைத் தளர்த்த எனக்கு வழி தெரியவில்லை.

தங்கள் அன்புள்ள,
ஞானசிகாமணி


நாசரேத்,
5-12-1977

திரு. ஞானசிகாமணி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்து மூன்றாவது தடவை எழுதுகிறேன். வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரே தங்கை, கிருபாவதி. அம்மா அவளைப் பெற்ற ஆறாம் மாதம் இறந்துபோனாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. நான்தான் வளர்த்தேன், நான்தான் படிக்க வைத்தேன். டீச்சர் வேலை கிடைத்து உங்கள் பக்கம் வந்தவள், 1965-இல் பீட்டர்ராஜ் என்ற ரோமன் கத்தோலிக்கரைக் கட்டிக்கொள்ளப்போவதாக எழுதினாள். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகச் சீர்திருத்த சபை. நான் நேரில் வந்து சண்டை போட்டேன். "என் சாவுக்கும் நீ வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து ஒரு கார்டு வரும். "அக்கா, நாங்கள் சுகம். நீ சுகமா?" என்று ஒரே வரி. பதினொரு கார்டுகள். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரவில்லை.

அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வேறு ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்குள் நான் போகப்போவதில்லை. தூரத்தில் நின்று பார்த்தால் போதும். எனக்காக ஒரு பயணம் கிளம்பி வர மனம் வரவில்லை. மாநாட்டு பஸ் அந்த வழியாகப் போகிறது, நானும் அதில் இருக்கிறேன் என்றால் அது வேறு.

இன்னொரு விஷயம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு தலைமையாசிரியையை எண் போட்டுக் கூப்பிட்டு "உள்ளேன் ஐயா" சொல்லச் சொல்வது முறையல்ல. மறுபரிசீலனை செய்யவும்.

ஜெபராணி


தேனி,
12-12-1977

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நான் சாகும்வரை இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நேற்று ஓடைப்பட்டி போய்வந்தேன். தோட்டம் பார்க்கப் போனவன்போலப் பேச்சுக் கொடுத்தேன். சின்னச்சாமி சொன்னது இது: "பீட்டர்ராஜ் வீடா? அந்தா, எங்க பம்புசெட்டுக்குப் பின்னால. அந்த டீச்சரம்மா நல்ல மாதிரி. என் பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தந்தாக." நான் நிற்கும்போதே உங்கள் தங்கை குடத்தோடு வெளியே வந்தார்கள். உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறார்கள். உங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிட்டேனே என்று கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

தோட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போக நாலு நிமிடம். நீங்கள் போய் வாருங்கள். விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். போகத்தான் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

எண் விஷயத்தில் மட்டும் மன்னியுங்கள். மாவட்டக் கல்வி அதிகாரியே பஸ்ஸில் வந்தாலும் "உள்ளேன் ஐயா" சொல்லத்தான் வேண்டும்.

ஞானசிகாமணி


நாசரேத்,
6-1-1978

உல்லாசப் பயணக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

டிசம்பர் 30-ஆம் தேதி மாலை நான்கேகால் மணிக்கு நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது அங்கே பஸ் இல்லை. திராட்சைத் தோலும் டயர் தடமும்தான் கிடந்தன. ஐம்பத்திரண்டு பேருக்கு எண் கொடுத்து, அதற்கு ஒரு பீடிகையும் எழுதி அனுப்பியவர் செய்த நிர்வாகம் இதுதானா? எந்த லட்சணத்தில் எண்ணினீர்கள்?

அன்று மாலை என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை முன்பின் தெரியாத ஊரில் நிற்கிறாளே என்ற எண்ணம் உங்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

என் பை பஸ்ஸிலேயே போய்விட்டது. அதில் ஒரு மாற்றுச் சேலை, என் வேதாகமம், தைலம் ஆகியவை இருக்கின்றன. உடனே அனுப்பி வைக்கவும்.

என் சகோதரி வீட்டில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. அது வேறு விஷயம்.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை சங்கத் தலைவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஜே. ஜெபராணி


தேனி,
12-1-1978

மதிப்பிற்குரிய அம்மா,

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. தவறு என்னுடையது. உங்கள் பை இன்று ரெஜிஸ்டர் பார்சலில் வருகிறது. கஸ்தூரி அதில் கொஞ்சம் ஏலக்காய் வைத்திருக்கிறாள், கோபத்தில் எறிந்துவிடாதீர்கள், போடி ஏலக்காய்.

நடந்ததைச் சொல்கிறேன், சமாதானமாக அல்ல. நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்துப் பாதை களிமண் பாதை. மழை விழுந்தால் பஸ் ஏறாது என்று டிரைவர் செல்லப்பாண்டி அவசரப்படுத்தினான். எல்லோரையும் ஏற்றினேன். எண் கூப்பிட்டேன். உங்கள் எண் வரும்போது எனக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது, வந்துவிட்டீர்களா, பார்த்தீர்களா, என்ன ஆயிற்று என்று. "முப்பத்தேழு" என்றேன். "உள்ளேன் ஐயா" என்று பின்னாலிருந்து பெண்குரல் கேட்டது. ஆள் மறைத்துக்கொண்டு நின்றதால் முகம் தெரியவில்லை. சரி, வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்காமல் திரும்பி வந்துவிட்டார்களோ என்று வருத்தமும் பட்டேன்.

வீரபாண்டியில் இலையில் வைத்த வடை ஒன்று மிஞ்சியது. நான் இரண்டு தடவை எண்ணினேன். அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கும் நானே பொறுப்பு. தேடி வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 5-ஆம் தேதி சங்கச் செயற்குழு விசாரிக்கிறது. உங்கள் புகாரோடு, வைகை அணை விளக்கைப் பார்க்க முடியாமல் போயிற்று என்று பதினாறு பிரதிநிதிகளின் புகாரும் சேர்ந்திருக்கிறது. இனி எந்தப் பொறுப்பும் எனக்குத் தரக்கூடாது என்று பேச்சு. ஏழு வருஷமாக இந்த வேலையை ஆசையாகச் செய்தேன். வெளியூர்க்காரர்கள் நம் பள்ளத்தாக்கைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது, ஏதோ அந்த மலையை நானே கட்டி வைத்ததுபோல ஒரு பெருமை வரும். போகட்டும். ஒரு பெண்ணைத் தெருவில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தப் பெருமை எதற்கு?

உங்கள் தங்கை சுகம்தானே? இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஞானசிகாமணி


நாசரேத்,
29-1-1978

அன்புள்ள தம்பி ஞானசிகாமணிக்கு,

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, சாப்பிடாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிட்டால் தைரியம் போய்விடும்.

நேற்று சொர்ணலதாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கோவில்பட்டிப் பெண், மாநாட்டில் என் அறையில் தங்கியவள், வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வீரபாண்டியில் வடை மிஞ்சியதும் நீங்கள் எல்லோரையும் ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டு, செல்லப்பாண்டியோடு வெறும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குத் திரும்பிப் போனீர்களாம். ஒன்றரை மணி நேரம் கழித்து நான் இல்லாமல் வந்து, "டீச்சர் தெரிஞ்சவுக வீட்டுல நல்லா இருக்காக" என்று மட்டும் சொன்னீர்களாம். அதனால்தான் வைகை விளக்குப் போயிற்றாம். "அக்கா, நான் பண்ணின தப்புக்கு அந்த சாரை வேலையை விட்டே தூக்கிருவாங்களோ, எனக்குத் தூக்கமே வரலை" என்று எழுதியிருக்கிறாள்.

தப்பு அவளுடையது இல்லை. என்னுடையது.

அன்று காலை தேனியிலேயே, நீங்கள் முதல் தடவை "முப்பத்தேழு" என்று கூப்பிட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. என்னைவிட இளையவர் ஒருவருக்கு "உள்ளேன் ஐயா" சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்த சொர்ணலதாவை இடித்து, "நீ சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். காபிக்கு நின்ற கம்பத்தில் சொன்னாள். சுருளியில் சொன்னாள். ஓடைப்பட்டியில் என் பை இருக்கையில் இருந்தது, குடை இருந்தது, என் எண்ணைக் கூப்பிட்டீர்கள், அவளும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். பிள்ளைகளில் ஒருவனுக்காக இன்னொருவன் உள்ளேன் சொன்னால் இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்துகிறவள் நான். இந்த லட்சணத்தில் உங்கள் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டேன். இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செயற்குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கையைப் பற்றியும் எழுதிவிட்டேன். இனி நீங்கள் எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

அன்று நான் கிருபாவின் வீட்டுக்குப் போனேன். வேலியோரம் நின்றேன். முற்றத்தில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைகளுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்த கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடியில் எப்போதும் தப்பாக இழுப்பாள், அதற்காக நான் தொடையில் கிள்ளியிருக்கிறேன். அன்றும் அதே இடத்தில் தப்பாகத்தான் இழுத்தாள். கூப்பிட வாயெடுத்தேன், வரவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பதினொரு கார்டுக்கு என்ன கணக்குச் சொல்வது? உயிரோடு இருக்கிறாள், பார்த்தாகிவிட்டது, போதும் என்று திரும்பி நடந்துவிட்டேன்.

ஆம் தம்பி. திரும்பிவிட்டேன். பஸ் அங்கே நின்றிருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பேன். வைகையில் விளக்குப் பார்த்திருப்பேன். ஊருக்கு வந்து மறுபடியும் கார்டு வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். என் தங்கையின் முகத்தை இந்த ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டேன்.

பஸ் இல்லை. சின்னச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "டீச்சரம்மா, நீங்க ஏறலையா? எல்லாரும் உள்ளேன் உள்ளேன்னு சொன்னாகளே!" என்றார். மழை வேறு தூற ஆரம்பித்தது. அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருக்கிற வீடு என்று என்னை நேரே கிருபாவின் முற்றத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். "ஆத்தா கிருபா, இங்கன ஒரு டீச்சரு பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறாக. குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார்.

அவள் செம்பில் தண்ணீரோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். செம்பை நீட்டினாள். நான் பிடித்தேன், அவள் விடவில்லை. சோப்புக் கை. இரண்டு பேரும் ஒரே செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"குடிச்சிட்டுப் போயிருவியா, இருப்பியா?" என்று கேட்டாள்.

"பஸ் போயிட்டு" என்றேன்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என் தங்கையிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். சின்னச்சாமி பயந்துபோய்விட்டார்.

கார்டு ஏன் நின்றது என்று கேட்டேன். "பதில் போடாத கார்டு உனக்குப் பாரமா இருக்குமோன்னு தோணிச்சு, அக்கா" என்றாள். எனக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

தோட்டத்திலிருந்து வந்த பீட்டர்ராஜ் என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "மதினி வந்திருக்காக, கோழி அடிக்கட்டுமா?" என்று கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. "எங்களுக்குத்தான் ஆகாது, மதினிக்கு ஆகும்ல" என்று கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டார். நான் தடுத்து, அவர்கள் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பையே சாப்பிட்டேன். இந்த மனிதரைத்தான் பன்னிரண்டு வருஷம் முகம் பார்க்காமல் வெறுத்தேன். அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு மகள், ஜெயமேரி. "அம்மா கார்டு எழுதுற பெரியம்மா நீங்கதானா?" என்று கேட்டாள். என் கையெழுத்தைக் காட்டச் சொன்னாள். இவ்வளவு நாளும் எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்திருக்கிறாள்.

பை இல்லாததால் மூன்று நாளும் கிருபாவின் சேலையைத்தான் கட்டினேன். வருஷப்பிறப்பு அன்று காலை அவர்கள் கோவிலுக்கும் அந்தச் சேலையோடு போய்வந்தேன். இடி ஒன்றும் விழவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் ஊருக்கு வந்து உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேனே, ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நன்றி என்று எழுதினால், சொர்ணலதாவை இடித்ததையும் எழுத வேண்டும். அதற்குக் கோபப்படுவது சுலபமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. அவ்வளவு தூரம் திரும்பி வந்தவர் ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

ஜெபராணி அக்கா


தேனி,
8-2-1978

அன்புள்ள அக்கா,

முதலில் விசாரணையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைத் தலைவர் உரக்க வாசித்தார். தலைமையாசிரியர்கள் நாலைந்து பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று உள்ளேன் சொல்ல ஆள் வைத்தது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசியில் என்னைப் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு ஒரு தீர்மானம் போட்டார்கள்: "இனி தலைமையாசிரியர்களும் தங்கள் சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும்." ஒரு எதிர்ப்புகூட இல்லாமல் நிறைவேறியது. எழுத்துப்பிழை இல்லாமல் நானே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நீங்க ஒரு தடவ ஒழுங்கா எண்ணியிருந்தா ஒரு குடும்பம் சேராமப் போயிருக்கும்" என்றாள். என்னைப் பாராட்டுகிறாளா திட்டுகிறாளா என்று இன்னும் தெரியவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று ஐந்தேமுக்கால் இருக்கும். மழை விட்டிருந்தது. களிமண் பாதையில் ஏறாது என்று பஸ்ஸைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். சின்னச்சாமி ஓடிவந்து, "டீச்சரம்மா கிருபா வீட்டுல இருக்காக" என்றார். நானும் செல்லப்பாண்டியும் வேலியோரம் வந்தோம். நீங்கள் சொன்ன அதே வேலியாகத்தான் இருக்கும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் தங்கை கீழே உட்கார்ந்து உங்கள் முழங்காலில் முதுகைச் சாய்த்திருந்தார்கள். நீங்கள் ஏதோ ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். "அந்த இடத்துல இழுக்காதே, எத்தனை தடவ சொல்றது" என்று அதட்டினீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடியும் தப்பாகப் பாடினார்கள். நீங்கள் மறுபடியும் அதட்டினீர்கள்.

செல்லப்பாண்டி, "சார், கூப்பிடவா? இருட்டப்போகுது, அணை வெளிச்சம் பார்க்க நேரமாயிரும்" என்றான். பையை எடுத்துக்கொண்டு அவன் ஒரு அடி வைத்தும்விட்டான். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். பஸ் வந்துவிட்டது என்று கேட்டால் நீங்கள் எழுந்து வந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றியது. சிவப்பு மை வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். நேரத்துக்கு ஒரு பஸ் நின்றால் ஏறாமல் இருக்க அவர்களால் முடியாது. பையையும் அதனால்தான் கொடுக்கவில்லை. கிளம்புவதற்குச் சௌகரியம் ஆகிவிடும் அல்லவா? நான் வந்துபோனதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சின்னச்சாமியிடமும் கேட்டுக்கொண்டேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே ஐம்பத்தோரு பேரிடமும், பிறகு செயற்குழுவிடமும் வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஏழு வருஷமாக எத்தனையோ பேருக்கு அருவியும் அணையும் மலையும் காட்டியிருக்கிறேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று வேலியோரம் நின்று நான் ஒன்றைப் பார்த்தேன். எனக்கு அதைக் காட்டியது நீங்கள். நன்றி நான்தான் சொல்ல வேண்டும், அக்கா.

அன்புத் தம்பி,
ஞானசிகாமணி


ஓடைப்பட்டி,
27-12-1978

அன்புள்ள தம்பிக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்தீர்களா? கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்திருக்கிறேன். அதற்கு முன் மே மாதம் முழுவதும் கிருபாவும் ஜெயமேரியும் நாசரேத்தில் என்னோடு இருந்தார்கள். கிருபா இந்த வருஷமும் எனக்கு ஒரு கார்டு எழுதியிருந்தாள். நான் இங்கே இருப்பேன் என்று தெரிந்தே எழுதி, தபாலில் போடாமல், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே ஒரு வரி. "அக்கா, நாங்கள் சுகம். நீ சுகமா?" நான் அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரிக்கு இடம் போதவில்லை, ஓரத்திலெல்லாம் எழுத வேண்டியதாயிற்று.

இந்த முறை பீட்டர்ராஜ் கோழியை அடித்தே விட்டார். அவர் எனக்காகச் செய்வதையெல்லாம் பார்க்கும்போது சில சமயம் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். பன்னிரண்டு வருஷம் நான் இழந்ததை நினைத்தால் தாங்கவில்லை, கிடைத்ததை நினைத்தால் அதைவிடத் தாங்கவில்லை.

ஒரு பாக்கி இருக்கிறது. என்னால் ஐம்பத்தோரு பேர் வைகை விளக்கைப் பார்க்கவில்லை. அத்தனை பேரையும் கூட்ட முடியாது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்கு எழுதினேன், வருகிறோம் என்று பதில் வந்தது. சொர்ணலதா கோவில்பட்டியிலிருந்து வருகிறாள். கிருபா, பீட்டர்ராஜ், ஜெயமேரி, சின்னச்சாமி எல்லோரும் வருகிறார்கள். செல்லப்பாண்டியை வேன் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, 31-ஆம் தேதி, மாலை நாலரை மணிக்குத் தேனி பஸ் நிலையத்தில் இருப்போம். நீங்களும் கஸ்தூரியும் வந்துவிட வேண்டும். நான் கட்டியிருப்பது கிருபாவின் அந்தச் சேலைதான். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

வேன் எடுக்கும் முன் நீங்கள்தான் எண் கூப்பிட வேண்டும். இதில் மறுபேச்சு இல்லை. சொர்ணலதா வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதிவிட்டேன். எனக்குப் பழைய எண்ணே இருக்கட்டும், ஆள் குறைவு என்று மாற்ற வேண்டாம். போன வருஷம் நான்கு தடவை கூப்பிட்டீர்கள், ஒரு தடவைகூட உங்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லும்போது தடுமாறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இங்கேயே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

முப்பத்தேழு.

உள்ளேன் ஐயா.

ஜெபராணி